ஒரு மார்க் கேள்வியாக இருந்த ஊர்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், ரெண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு. அம்மாவையும் கூட்டிட்டுப் போகணும். அவங்களுக்கு மூட்டு வலி. கார்லயே சுத்தாம, மெதுவா நடந்தே பார்க்கிற மாதிரி ஒரு பழைய ஊர் சொல்லுங்க" என்றார்.

தரங்கம்பாடி என்றேன். "ஏன் சார் அந்த ஊர்?" என்று கேட்டார். போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பணியில் இருந்த காலம் முழுவதும் தரங்கம்பாடியை ஒரு மார்க் கேள்வியாகத்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "டேனியர்கள் குடியேறிய இடம் எது?" கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த ஊரை நேரில் பார்த்தேன். அன்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

நடந்து பார்க்க ஏற்ற ஊரைத் தேர்ந்தெடுக்க நான் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன். மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே அமைந்த ஊரா? பிறகு பெருவளர்ச்சி அதைத் தொடாமல் விட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நிம்மதியாக நடக்கலாம்.

நம் தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. தண்டவாளத்தையும் ஜி.எஸ்.டி. சாலையையும் ஒட்டியே ஊர் நீண்டது. நம்மை வளர்த்தது ரயில்தான். அதற்கு விலையாக, இன்று சாலையைக் கடக்கவே துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடி கதை இதற்கு நேர் எதிர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டையை ஒட்டி, மதிலுக்குள் ஒரு சின்னத் துறைமுக நகரம் எழுந்தது. 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் கப்பல் வணிகம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1926-இல் மயிலாடுதுறையிலிருந்து ஒரு கிளை ரயில் வந்தது. அதுவும் 1980-களில் நின்றுபோனது. இடித்துப் பெரிதாகக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. அதனால்தான் பழைய தெருக்கள் பிழைத்தன.

இப்போதும் 1792-ஆம் ஆண்டு நுழைவாயில் வழியாகத்தான் பழைய ஊருக்குள் போகிறோம். லாரிகள் ஓடும் பெரிய சாலை அதற்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே ராஜா வீதியில் நேராக நடந்தால் சிறிது நேரத்தில் கடல். வழியில் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன.

இரண்டாவது ஆலயத்தில்தான் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706-இல் வந்த அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இங்கே அச்சகம் அமைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-இல் இறந்தபோது வயது 36. வாத்தியாரான எனக்கு அந்த இடத்தில் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஊரின் வரலாறு டேனியரோடு தொடங்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நிறுத்திச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு அழகாகத் தெரியும் அந்த அமைதி, அங்கே பிறந்தவர்களுக்குப் பிழைப்பு போன அமைதி. 2004 சுனாமி அந்த மீனவர் குடியிருப்பைக் கடுமையாகத் தாக்கியது. ஆகவே போகிறவர்கள் கட்டுச்சோற்றோடு போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கேயே சாப்பிடுங்கள், அங்கேயே தங்குங்கள், ஊர்க்காரர்களோடு பேசுங்கள்.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர். காலையிலும் மாலையிலும் நடங்கள். வெயில் நேரத்தில் ஓய்வெடுங்கள். கோட்டை மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். மூட்டு வலி உள்ளவர்கள் கீழேயே கடலைப் பார்த்து உட்காரலாம்; ஒன்றும் குறைந்துவிடாது.

நான் ஒரு மார்க்கோடு முடித்த பாடத்தை நீங்களாவது நடந்து படித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்