ஊட்டி மண்ணுக்கு வயசு என்ன?

நீலகிரிச் சதுப்புகளில் கறுப்பாக ஒரு மண் கிடைக்கும். முழுசாக மக்காத செடிகொடிகள் சேர்ந்து உருவான 'பீட்'. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழுவினர் இதை ஆராய்ந்து, சுமார் 20,000 வருடத் தட்பவெப்ப வரலாற்றை 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மண்ணின் வயதைச் சொன்னது கார்பன்-14.

கார்பன்-14 பாதியாகக் குறைய எத்தனை வருடம்? இணையத்தில் தேடினால் 5,730 என்று வரும். ஆனால் ஆய்வுக்கூடங்கள் வயதைக் கணக்கிடுவது 5,568-ஐ வைத்து! எது தப்பு?

கதை இதுதான். இந்த முறையைக் கண்டுபிடித்த லிபி (1960 நோபல்) காலத்து மதிப்பு 5,568. 1962-இல் கேம்பிரிட்ஜில் கூடிய விஞ்ஞானிகள் 5,730-தான் இன்னும் சரியானது என்றார்கள். ஆனாலும் ஏற்கெனவே அச்சான வயதுகளோடு குழப்பம் வரக்கூடாது என்று, பழைய எண்ணிலேயே வெளியிடச் சொல்லிவிட்டார்கள். அப்படி வரும் வயதை மரவளையம் போன்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் நிஜ வருடமாகத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்த அட்டவணையும் பழைய எண்ணுக்கே போட்டது. நடுவில் நாம் புகுந்து 5,730-க்கு மாற்றினால், 20,000 வருட மண்ணுக்கு சுமார் 600 வருடம் எகிறிவிடும்.

காமர்ஸில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள்: கணக்கு முறையை இஷ்டத்துக்கு மாற்றாதே, எந்த முறை என்று குறிப்பு எழுது. இணையத்தில் எண் சரியாகத்தான் இருக்கிறது நண்பர்களே. பல இடங்களில் அந்தக் குறிப்பைத்தான் காணோம்!