எல்லை கடந்தோரும் அரசுகளின் உடன்பாடும்



கொல்கத்தாவின் கிழக்கே நியூ டவுனில் வாழும் தமிழர், சென்னையிலிருந்து இரயில் சீட்டு ஒன்றையே துணையாகக் கொண்டு வந்து சேர்ந்தவர். அவருடைய வங்காள அண்டை வீட்டார் பலரின் பாட்டனாரோ, டாக்காவிலிருந்தோ பாரிசாலிலிருந்தோ சியால்தா நிலையத்தில் வந்திறங்கி, அந்நடைமேடையிலேயே நாட்களைக் கழித்தவர். சென்னையைவிட டாக்கா மிக அண்மையில் உள்ளது. எனினும் இடையில் ஓர் எல்லை வந்துவிட்டது.

அவ்வெல்லையைக் கடப்போர்க்கு இரு நாடுகளுக்கும் பொதுவான விதி வேண்டுமென்று, 1950 ஏப்ரல் 8-ஆம் நாள் தில்லியில் நேருவும் லியாகத் அலி கானும் ஒப்பமிட்டனர். வெளியேறுவோர் வீட்டுப் பொருள்களையும் நகைகளையும் எடுத்துச் செல்லலாம். ரொக்கமாக வயது வந்தோர்க்கு 150 ரூபாய், குழந்தைக்கு 75 ரூபாய். அவ்வாண்டு டிசம்பர் 31-க்குள் திரும்புவோர்க்கு வீடும் நிலமும் மீளும். சென்றவரை அந்நியராக எண்ணாமல் உடைமைக்கு உரியவராகவே மதித்தது அவ்வுடன்படிக்கை. பலர் திரும்பவும் செய்தனர். ஆயினும் 1952 அக்டோபரில் பாஸ்போர்ட் முறை வரப்போகிறது என்றவுடன், வாசல் அடைபடுமுன் கடந்துவிட வேண்டுமென்று மக்கள் மீண்டும் திரண்டு புறப்பட்டனர். தடுக்க இட்ட தாழே அவர்களை விரைவுபடுத்திற்று!

தெற்கே நம்மவர் கதை இன்னும் கொடிது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தேயிலையைக்கூடத் தரம் பார்த்துப் பிரிப்பார்கள். அதைப் பறித்தவர்களை எண்ணிக்கையால் மட்டுமே பிரித்தார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் தொகை குறித்த கணக்கை எட்டவேயில்லை. 1964-இன் அதே அக்டோபர் நாள் முதல் அங்கேயே நிலைத்து வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் 2003-இல்தான் இலங்கை குடியுரிமைச் சட்டம் இயற்றியது.

மீண்டும் வங்காளத்துக்கு வருவோம். கூச்பிகார்ப் பக்கத்தில், ஒரு நாட்டின் மண்ணுக்குள் மறு நாட்டின் சிறு நிலத்திட்டுகள் பல இருந்தன. இந்தியாவும் வங்கதேசமும் 2015 ஜூலை 31 நள்ளிரவில் அவற்றை மாற்றிக்கொண்டன. அதற்குமுன் ஒரு காரியம் செய்தார்கள்: வீடு வீடாகச் சென்று, எந்நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று கேட்டார்கள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் இந்தியாவுக்கு வர இசைந்தனர். மற்றையோர் தம் வயலைவிட்டு அகலவில்லை. இப்புறத் திட்டுகளிலிருந்தோ ஒருவரும் வங்கதேசம் செல்லக் கேட்கவில்லை.