சதுரம் நிறைத்தலும் சொல்லாராய்ச்சியும்

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறைகளுள் ஒன்றினை நம் பாடநூல்கள் 'வர்க்கப் பூர்த்தி முறை' என வழங்குகின்றன. பூர்த்தி என்பது குறையுற்ற ஒன்று நிறைவு பெறுதலைக் குறிக்கும் சொல். அங்ஙனமாயின், குறைந்து கிடந்தது யாது? இவ்வினாவிற்குக் கணித வரலாறு கண்ட விடையில் சொல்லாராய்ச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

பாக்தாத் நூல்

கலீபா அல்-மாமூன் ஆட்சியில் (கி.பி. 813–833) பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-குவாரிசுமி, இயற்கணிதம் பற்றி அரபு மொழியில் நூலொன்று இயற்றினார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் 10 மடங்கைக் கூட்ட 39 வருமாயின் அவ்வெண் யாது என்பது அந்நூற் கணக்குகளுள் ஒன்று. இதனை அவர் படம் வரைந்து விளக்குகின்றார். தெரியாத எண்ணைப் பக்கமாகவுடைய சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில், 5 அகலமுள்ள செவ்வகம் ஒவ்வொன்று சேர்க்கப்படுகின்றது. இவை மூன்றின் மொத்தப் பரப்பு 39. மூலையில் மட்டும் 5-க்கு 5 அளவில் ஒரு வெற்றிடம் எஞ்சுகின்றது. அவ்விடத்தை 25 கொண்டு நிரப்பின், 64 பரப்புள்ள முழுச்சதுரம் அமையும். அதன் பக்கம் 8. அதனின்று 5 நீங்க, விடை 3. குறைந்து கிடந்தது அம்மூலையே என்பது தெளிவு.

களிமண் பலகை

இம்முறை பாக்தாதிற் பிறந்ததன்று. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள 13901 எண்ணுடைய பாபிலோனியக் களிமண் பலகை, அல்-குவாரிசுமிக்கு ஏறத்தாழ 2500 ஆண்டுகள் முற்பட்டது. ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் சேர்க்க 3/4 வரும் என்பது அதன் முதற்கணக்கு. 1930-களில் இதனை ஆராய்ந்த நொய்கெபாவர், தூரோ-டான்ழான் ஆகியோர், இது வெறும் எண் கணக்கே எனக் கொண்டனர். விடை 1/2 எனச் சரியாகவே வந்தமையின் அக்கொள்கை நெடுங்காலம் நிலைத்தது.

1980-கள் முதல் இதனை மீண்டும் ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டறிஞர் யென்ஸ் ஹோய்ரூப், விடையை விடுத்துச் சொற்களை நோக்கினார். கூட்டலுக்கு அப்பலகை இருவேறு வினைகளை ஆளுகின்றது; ஒன்று குவித்தலையும் மற்றொன்று ஒட்டிச் சேர்த்தலையும் குறிப்பன. பாதியாக்குதற்கு 'உடைத்தல்' என்றும், கழித்தற்குப் 'பிய்த்தெடுத்தல்' என்றும் பொருள்படும் சொற்கள் வருகின்றன. எண்ணை உடைத்தல் இயலாது, நிலத்துண்டத்தை உடைக்கலாம். மேலும், 'புறந்துருத்தி நிற்பது' எனப் பொருள்படும் சொல்லால் 1 என்னும் அளவு குறிக்கப்படுகின்றது. எண் கணக்கில் இது மிகைச்சொல்லே. படத்திலோ இன்றியமையாதது, பக்கத்திற்கு 1 அகலம் தந்து செவ்வகமாக்கினாலன்றி, கோட்டைப் பரப்போடு சேர்த்தல் ஒல்லாது. அச்செவ்வகத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பெயர்த்து அடுத்த பக்கத்தில் ஒட்டினால், மூலையில் 1/4 குறையும். அதனையும் சேர்க்க முழுச்சதுரம் 1 ஆகும். இவ்விளக்கத்தைத் தம் 2002-ஆம் ஆண்டு நூலில் அவர் விரிவாக நிறுவினார்.

படத்தின் எல்லை

படத்திற்கு எல்லையும் உண்டு. முற்கூறிய பாக்தாத் கணக்கிற்கு எதிர்மை 13 என்பதும் விடையாகும். எதிர்மைப் பக்கமுடைய சதுரத்தை வரைதல் இயலாமையின் அது தோன்றாதொழிந்தது. எதிர்மை எண்களை ஏலாமையினாலேயே அல்-குவாரிசுமி சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரிக்க நேர்ந்தது. அவருக்கு முன்பே, கி.பி. 628-இல், பிரமகுப்தர் எதிர்மை எண்களைக் 'கடன்' எனக் கொண்டு அவற்றிற்கு விதி வகுத்திருந்தார். சமன்பாட்டை வர்க்கக் கெழுவின் நான்கு மடங்கால் பெருக்கிப் பின்னத்தைத் தவிர்க்கும் சீதரரின் விதியைப் பாசுகரர் தம் பீசகணிதத்தில் (கி.பி. 1150) எடுத்தாண்டுள்ளார். அவ்விதிக்குப் படம் வேண்டுவதில்லை.

முடிவுரை

விடை சரியாயிருத்தல் ஒன்றே உரை சரியென்பதற்குச் சான்றாகாது என்பதே இவ்வாராய்ச்சி தரும் பாடம். வெவ்வேறு வினைகளை ஒரே கூட்டற்குறியாகப் பெயர்த்தபோது, விடை கெடவில்லை. அதனைக் கண்டவர் எண்ணிய நெறியே மறைந்தது. கணக்கதிகாரம் முதலிய பழந்தமிழ்க் கணக்கு நூல்களைப் பதிப்பிப்போர், அவற்றின் சொற்களை இக்காலக் குறியீடாக மாற்றுமுன் அச்சொற்களின் பொருள் வேறுபாட்டை ஆராய்தல் கடன் என்பது நம் துணிபு.