ஊரார் பிள்ளையும் அரசாங்க வழக்கறிஞரும்



"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோட்டத்தில் இது வெறும் பழமொழி அன்று, அன்றாட வாழ்க்கை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். வரிசையாகத் தொங்கும் தூளிகளை ஆட்டி, பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவார் ஆயா. தாய் இறந்துபோனால் சித்தியோ அத்தையோ, சில வேளைகளில் பக்கத்து வீட்டுக்காரியோ பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். யாரும் தாள் கேட்டதில்லை. யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

அன்பு இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போதும், "இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உறவு? அதற்குப் பத்திரம் எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. அன்பை மட்டும் காட்டி அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடிவதில்லை.

ஆகவே, பிறர் கையில் வளரும் பிள்ளைகளைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் எப்படி உருவாயிற்று, அதை எழுதியும் மேற்பார்த்தும் வழக்காடியும் வரும் அரசாங்க வழக்கறிஞர்கள் யார், அவர்களால் எது முடியும், எது முடியாது என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம்.

டெங்கிலில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. முதல் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் இந்தப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தைத் திறந்தனர். பெரும்போர் என்று பொருள்படும் 'பிராங் பெசார்' என்பதே அதன் பெயர். 1990களில் புதிய நிர்வாகத் தலைநகருக்காக நிலம் எடுக்கப்பட்டபோது பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் தாங்கள் பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. நம் முன்னோர் பால்மரம் வெட்டிய அந்த மண்ணில் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது. சட்டத்துறைத் தலைவர் அலுவலகமும், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சும் அந்நகரில்தான் இயங்குகின்றன. பிள்ளைகளைப் பற்றிய சட்டங்களின் வரிகளை ஆராயும் வழக்கறிஞர்கள் இன்று உட்கார்ந்திருப்பது, ஒருகாலத்தில் ஆயாக் கொட்டகைகள் இருந்த வட்டாரத்தில்!

இனி வரலாற்றுக்கு வருவோம்.

பிரிட்டிஷ் ஆட்சியின் தொடக்கத்தில் தோட்டத்துப் பிள்ளை தனியாக எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. தொழிலாளியின் பிள்ளை என்ற முறையில்தான் அது கணக்கில் வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைவதற்கு வழி செய்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இப்படித்தான் தோன்றின. பிள்ளைக் கொட்டகையும் தொழிலாளர் நலத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. தாய் வேலைக்கு வரவேண்டும், அதற்குப் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதே அக்காலத்து நினைப்பு.

பிள்ளையைப் பிள்ளையாகவே பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வேறொரு வழியில் வந்தது. சீனக் குடும்பங்களில் 'மூய் சாய்' என்றொரு வழக்கம் இருந்தது. ஏழைப் பெற்றோர் பணம் பெற்றுக்கொண்டு தம் பெண்பிள்ளையை வசதியுள்ள வீட்டில் வேலைக்காரியாக ஒப்படைத்து விடுவார்கள். இதை விசாரிக்க 1936இல் பிரிட்டிஷ் அரசாங்கம் மூவர் கொண்ட ஆணைக்குழுவை ஹாங்காங்குக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது. அதன் அறிக்கை 1937இல் வெளிவந்தது. தலைவர் வூட்ஸ் அவர்களும் இன்னோர் உறுப்பினரும் ஒரு கருத்தைச் சொன்னார்கள். மூன்றாமவரான எடித் பிக்டன் டர்பர்வில் என்னும் அம்மையார் அதற்கு உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். மூய் சாய் என்ற பெயருள்ள பிள்ளையை மட்டும் காத்தால் போதாது. பெற்றோர் கையிலிருந்து பிறர் கைக்கு மாறும் எந்தப் பிள்ளையையும் சட்டம் காக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். பெயரை மாற்றிச் சொல்லிப் பிள்ளையை ஏய்த்துவிடலாம் என்பதை அவர் கண்டுகொண்டார். பின்னாளில் பிரிட்டிஷ் அரசாங்கமும் அவர் பக்கமே சாய்ந்தது.

இந்த வாதம் சீனப் பிள்ளைகளைப் பற்றி எழுந்ததாயினும், அதன் பலன் நமக்கும் உரியது. இன்றைய சிறுவர் சட்டத்தில், ஒருவர் பிறர் பிள்ளையைத் தம் பராமரிப்பில் எடுத்துக்கொண்டால் ஒரு வாரத்திற்குள் பாதுகாவலர் எனப்படும் சமூகநல அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. எடுத்தவரும் அறிவிக்கவேண்டும், கொடுத்தவரும் அறிவிக்கவேண்டும். கைமாறும் பிள்ளை அரசாங்கத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பின்னர் போர் வந்தது. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகள் தோட்டந்தோறும் இருந்தார்கள். அவர்களை உறவும் ஊருமே காப்பாற்றின. போர் முடிந்து 1946இல் சமூகநல இலாகா அமைக்கப்பட்டது. 1947இல் சிறார் நீதிமன்றச் சட்டமும், சிறுவர் இளையோர் சட்டமும் வந்தன. தவறு செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கலாகாது என்ற நிலை அப்போது ஏற்பட்டது.

1952ஆம் ஆண்டு நம் குடும்பங்களுக்கு மிக முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு தத்தெடுப்பது பற்றி இரண்டு சட்டங்கள் உண்டாயின. முதலாவது தத்தெடுப்புச் சட்டம். முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய இச்சட்டத்தின்படி, பிள்ளையைத் தொடர்ந்து மூன்று மாதங்களாவது வளர்த்திருக்கவேண்டும், சமூகநல அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும், நீதிமன்றம் ஆணையிடவேண்டும். ஆணை கிடைத்தபின் அது சட்டப்படி சொந்தப் பிள்ளையே, சொத்துரிமையும் உண்டு. இரண்டாவது தத்துப் பதிவுச் சட்டம். இது எல்லா மதத்தினருக்கும் பொது. பதினெட்டு வயது நிறையாத, மணமாகாத பிள்ளையை இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் வளர்த்தவர் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளலாம். ஆனால் இதனால் மட்டும் வாரிசுரிமை வருவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் "பதிந்துவிட்டோமே" என்று இருந்துவிட்டுப் பிறகு வருந்துவோர் இருக்கக்கூடும். ஆகவே இதை மனத்தில் கொள்வோமாக.

பிள்ளைக் கொட்டகையின் கதையும் மாறியது. பெண்கள் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கினர். அண்டை வீடுகளில் பிள்ளைகளை விட்டுச் செல்வது பெருகிற்று. 1984இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நான்கு பேர் அல்லது அதற்கு மேல், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வந்து, கூலி பெற்றுப் பார்த்துக்கொள்ளப்படும் இடம் பதிவு செய்யப்படவேண்டும் என்று அது விதித்தது. இன்று நாம் தாஸ்கா என்று சொல்வது இதைத்தான். 2012ஆம் ஆண்டு விதிகள், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் என்று வகுத்தன. ஒரே ஆயா ஒரு கொட்டகைப் பிள்ளைகளைக் கட்டிக் காத்த காலத்தை எண்ணிப் பார்த்தால், இந்த மூன்று, ஐந்து, பத்து என்ற எண்களின் அருமை புரியும்.

பிறகு ஒரு துயரம் நிகழ்ந்தது. 1990இல் கோலாலம்பூரில் இரண்டு வயதைச் சற்றே தாண்டிய ஒரு குழந்தை, கொடுமைப்படுத்தப்பட்டு மருத்துவமனையில் உயிர் நீத்தது. நாடே அதிர்ந்தது. 1991இல் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஐக்கிய நாட்டு மன்றத்தின் சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது. பழைய சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கி 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வகுக்கப்பட்டு, 2002 ஆகஸ்டு 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றத்திற்கான தண்டனையை உயர்த்தியது. பிள்ளையைத் துன்புறுத்துவோருக்கும் புறக்கணிப்போருக்கும் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்றாயிற்று.

நேயர்களே, இச்சட்டங்கள் எல்லாம் தாமாக வந்தவை அல்ல. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது அரசியலமைப்பின் 145ஆம் விதி, அரசாங்கத்திற்குச் சட்ட ஆலோசனை கூறுபவராகச் சட்டத்துறைத் தலைவரை அமர்த்தியது. அவருக்குக் கீழே பல பிரிவுகள் உண்டு. அமைச்சு ஒரு கொள்கையைச் சொன்னால், அதைச் சட்டமாக எழுதுவோர் ஒரு பிரிவினர். அரசாங்கத்திற்காக நீதிமன்றத்தில் நிற்போர் இன்னொரு பிரிவினர். குற்றவாளிமேல் வழக்கு நடத்துவோர் வேறொரு பிரிவினர். அமைச்சுகளிலும் சட்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இளம் வழக்கறிஞர் எழுதியதை மூத்தவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்துகிறார். 'செய்யலாம்' என்பதா, 'செய்யவேண்டும்' என்பதா? 'நான்கு பிள்ளைகள்' என்பதா, 'மூன்று' என்பதா? நமக்குச் சிறிய சொல்லாகத் தோன்றும். ஆனால் நான்கு என்று எழுதியதனால், மூன்று பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டு அக்காள் அச்சட்டத்திற்குள் வருவதில்லை.

ஒரு பிள்ளை ஆபத்தில் இருந்தால் நடப்பது என்ன? பாதுகாவலர் அல்லது போலீஸ் அதிகாரி அதை எடுத்துச் சென்று 24 மணி நேரத்திற்குள் சிறுவர் நீதிமன்றத்தின்முன் நிறுத்தவேண்டும். அங்கே மாஜிஸ்திரேட்டுடன் இரு ஆலோசகர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். பெற்றோர் அற்ற பிள்ளையை, இலாகா தகுதியுடையவர் எனக் கண்ட வளர்ப்புப் பெற்றோரிடம் இரண்டாண்டுகளுக்கு ஒப்படைக்கலாம். பிள்ளையைக் கொடுமை செய்தவர்மீது குற்றம் சாட்டி வழக்கு நடத்துபவரே அரசாங்க வழக்கறிஞர்.

அப்படியானால் அரசாங்க வழக்கறிஞர் எப்போதும் பிள்ளையின் பக்கம்தானா? இல்லை. அவர் அரசாங்கத்தின் வழக்கறிஞர். பிறந்தவுடன் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையைக் குடிமகன் அல்லாதவராகப் பதிவு இலாகா குறித்தது. வளர்த்தவர்கள் வழக்காடினார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அரசாங்க வழக்கறிஞர்கள். 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோர் யாரென்று தெரியாமல் இங்கே கைவிடப்பட்ட அப்பிள்ளை சட்டத்தின் இயல்பிலேயே இந்நாட்டுக் குடியுரிமை உடையது என்று தீர்ப்பளித்தது. கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய அரசியலமைப்புப் பகுதியை மாற்ற அரசாங்கம் முனைந்தது. எதிர்ப்பு எழுந்ததால் 2024இல் அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்பது ஒன்று. வழக்கறிஞர் எவ்வளவு நல்லவராயினும், நீதிபதி எவ்வளவு இரக்கமுள்ளவராயினும், அவர்கள் முன் இருப்பது பத்திரமும் சாட்சியமுமே. பிள்ளை யார், எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்பதை எழுதி வைக்கவேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே, பிறப்பைக் காலத்தோடு பதிவோம். உறவினர் பிள்ளையானாலும் எடுத்துக்கொண்டால் ஒரு வாரத்திற்குள் சமூகநல இலாகாவுக்குத் தெரிவிப்போம். வளர்க்கத் தொடங்கிய நாள், கொடுத்தவர் கையொப்பம், மருத்துவமனை அட்டை, பள்ளிக் கடிதம் ஆகியவற்றைப் பத்திரமாகச் சேர்த்து வைப்போம். பிள்ளைக்கு வயது ஏறுமுன் தத்தெடுப்பை முறைப்படி முடிப்போம். தத்தெடுத்ததனாலேயே குடியுரிமை வந்துவிடாது என்பதையும் நினைவில் வைப்போம். பராமரிப்பு மையத்தில் விடுமுன் அது பதிவு பெற்றதா என்று கேட்போம். சிறு பிள்ளையைத் தனியே வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகவேண்டாம். தக்க கண்காணிப்பின்றி விட்டுச் செல்வதும் சட்டப்படி குற்றமே.

தாளும் கையெழுத்தும் இல்லாமலே பிறர் பிள்ளையை மார்போடு அணைத்து வளர்த்தவர்கள் நம் ஆயாக்களும் பாட்டிகளும். அந்த அன்பில் நாம் குறை காணவில்லை. அவர்கள் வளர்த்த பிள்ளையின் பேரப்பிள்ளை, நாளை புத்ராஜெயாவில் ஓர் அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்கும்போது வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம்.