மறைத்தலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள்

ஒரு பொருளையோ செய்தியையோ ஆளையோ பிறர் கண்ணுக்கும் அறிவுக்கும் எட்டாதபடி வைக்கும் செயலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் வினைகள் பல. மறைத்தல், ஒளித்தல், கரத்தல், புதைத்தல், பதுக்குதல் என்பன அவற்றுள் தலையாயவை. இவை ஒருபொருட் சொற்கள்போலத் தோன்றினும், எது, யார்பொருட்டு, எந்நோக்கத்தோடு மறைக்கப்படுகின்றது என்பதைப் பற்றி வேறுபட்டு நிற்பதால், ஒன்றின் ஸ்தானத்தில் மற்றொன்றை வைப்பது பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

மறைத்தல் பொதுச்சொல், நன்மை தீமை என்னும் சாயல் இயல்பாக அதற்கு இல்லை. முகில் நிலவை மறைக்கும். தாய் தன் துயரைப் பிள்ளைகளுக்கு மறைப்பாள். வேதத்துக்கு மறை என்றே பெயர். சைவசித்தாந்தமோ இச்சொல்லுக்கு மிக உயர்ந்த இடத்தைக் கொடுத்தது: ஐந்தொழில்களுள் ஒன்றாகிய திரோபவம் எனப்படும் மறைத்தல், ஆன்மா தன் வினைப்பயனை நுகர்ந்து பக்குவம் எய்தும்வரை இறைவன் தன்னை அதற்குக் காட்டாது நிற்றலாகும் என்பதனால், அதுவும் கருணையின் காரியமேயாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலே கூத்தப்பிரானை வணங்குவோர், அப்பெருமானுடைய ஊன்றிய திருவடி மறைத்தலுக்கும் தூக்கிய திருவடி அருளலுக்கும் உரியன என்று ‘உண்மை விளக்கம்’ என்னும் சைவசித்தாந்த நூல் கூறுவதை நினைத்துக்கொள்ளலாம்.

கரத்தல் இன்று பேச்சில் அருகிவிட்டது. உள்ளதை இல்லையென்று இரப்பவனுக்கு ஒளிக்கும் உலோபத்தைச் சுட்டத் திருக்குறளின் இரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்கள் இச்சொல்லையே திரும்பத் திரும்ப ஆள்கின்றன. கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்கும், மீன்பிடிக்கும் அடியில்லாக் கூடைக்கும் கரப்பு என்ற பெயர் ஈழத்தில் வழங்குகின்றது. ஆழமில்லாத கலங்கல் நீரிலே அதைக் குத்தி நிறுத்தி, மேல்வாயாற் கையை விட்டுத் துழாவி, உள்ளே அகப்பட்ட மீனை எடுப்பார்கள். புதைத்தல் மண்ணோடு உறவுடையது. வாய்புதைத்தல், கண்புதைத்தல் என்னும் பழைய பிரயோகங்களில் மட்டும் கை மண்ணின் வேலையைச் செய்கின்றது.

பதுக்குதலின் கதை வேறு. பாலை வழியில் மாண்டோர் உடல்மேற் குவித்த கற்குவியலைச் சங்கப் புலவர் பதுக்கை என்றனர். இருபதாம் நூற்றாண்டிலே, பங்கீட்டு அட்டையும் கள்ளச்சந்தையும் வந்த காலத்தில், பதுக்கல் என்பது வணிகக் குற்றத்தின் பெயராய் நிலைத்துவிட்டது. களனி கங்கையின் வடகரையில், மத்திய மீன் சந்தையும் 2020இல் புறக்கோட்டையிலிருந்து பெயர்ந்த மெனிங் சந்தையும் உள்ள பேலியகொடையிலும் அதன் சூழலிலும் இச்சொல் அனைவருக்கும் பரிச்சயமானது. 2021 ஆகஸ்ட் 30ஆந் திகதி இலங்கையில், 1947ஆம் ஆண்டின் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, சீனி, அரிசிக் களஞ்சியங்களை அதிகாரிகள் சோதனையிடத் தொடங்கியபோது, பத்திரிகைகள் நாடோறும் எழுதிய சொல் இதுவே. கடைக்காரர் “சீனி முடிஞ்சுது” என்று கைவிரிக்க, பின்னறையில் பருப்பு மூடைகளுக்கு அப்பால் படங்கு போர்த்த சீனி மூடைகள் விலையேற்றத்துக்குக் காத்திருக்குமாயின் அது பதுக்கல். அதே கடைக்காரர் வாடிக்கைக் கிழவி ஒருத்திக்கென இரண்டு கிலோவை எடுத்துவைத்து, “உங்களுக்கெண்டு ஒளிச்சு வைச்சனான், ஆச்சி” என்பாராயின், அங்கே வினையும் மாறுகின்றது, மனமும் மாறுகின்றது.

ஒளித்தல்தான் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்தார் நாவில் மிகப் பயிலும் சொல். தமிழ்நாட்டார் தன்வினையை ஒளிந்தான் என்றும் பிறவினையை ஒளித்தான் என்றும் பிரிக்க, ஈழத்துப் பேச்சில் இரண்டும் ‘ஒளிச்சான்’ என்று ஒருவடிவாய் நிற்கும்; பிள்ளைகள் விளையாடுவதும் ‘ஒளிச்சுப் பிடிச்சு’.

1983 ஜூலை 24ஆந் திகதி இரவு கொழும்புப் பொறளையில் தமிழருக்கெதிராக மூண்ட வன்செயல் மறுநாள் வெள்ளவத்தையையும் எரித்தபோது, சிங்கள, முஸ்லிம் அயலவர் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் உள்ளறைகளில் வைத்து, வாசலில் வந்து கேட்ட கும்பலுக்கு இங்கே ஒருவருமில்லை என்று சொல்லி அனுப்பினர். தப்பியவர்கள் இன்றும் “எங்களை ஒளிச்சு வைச்சவை” என்றே அவர்களைச் சொல்வர். அச்சில் எழுதுவோரோ ‘பதுங்கியிருந்தனர்’ என்று எழுதிவிடுகின்றனர். பதுங்குதல் அஞ்சியவன் தானே தன்னைச் சுருக்கிக்கொள்வது. அச்சொல்லில் கதவைத் திறந்துவிட்டவருக்கு இடமில்லை. ஆதலின் அந்நாட்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் ‘ஒளித்துவைத்தனர்’ என்றே எழுதுவார்களாக. தம் உயிரையும் பணயம் வைத்து அதனைச் செய்தவர்கள் அந்த வினையில்தான் எழுவாயாக நிற்பார்கள்.