மல்லும் ஆடலும்: பெங்களூர் மற்போர் மரபு குறித்து

தொழில்முறை மற்போர் விளையாட்டா, நடிப்பா என்னும் வினா இன்று பெரிதும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. முடிவு முன்னரே வகுக்கப்பட்ட போர் பொய்ப்போர் என்பது அவ்வினாவின் உட்கிடை. தமிழ், கன்னட மரபுகள் இதற்கு வேறொரு விடை தருகின்றன.

போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது அடக்கியதைப் புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார் பாடுகிறார். வெற்றி அவனதே என்பாரும் அன்று என்பாருமாகக் கண்டோர் பிரிந்து நின்றதை 85ஆம் பாடலில் நக்கண்ணையார் காட்டுகிறார். இங்கு மல் என்பது முடிவு அறியப்படாத போட்டி. சிலப்பதிகாரக் கடலாடு காதையிலோ, மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் மல்லும் ஒன்று. திருமால் அவுணனை வென்ற கதையாதலின், அதன் முடிவு அவையோர் முன்னரே அறிந்தது. ஒரே சொல் இரண்டையும் குறித்தது.

பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் இவ்விரண்டும் ஒருங்கே வாழ்ந்தன. கன்னடத்தில் 'கரடி மனெ' எனப்பெறும் பயில்களங்களின் செம்மண்ணில் போட்டிக் குஸ்தி பயிற்றப்பட்டது. தர்மராயர் கோயில் கரக விழாவில் வாளேந்தி வரும் வீரகுமாரர் மரபும் அக்களங்களோடு பிணைந்ததே.

மைசூர் அரண்மனையில் விசயதசமியன்று நிகழும் வச்சிரமுட்டி இதனினும் தெளிவான சான்று. பெங்களூர், சென்னப்பட்டணம், மைசூர், சாமராசநகர் ஆகிய ஊர்களின் ஜெட்டியர் எனப்படும் மல்லர் குடியினர் இதில் இணை இணையாகப் பொருவர். தலை மழித்து, கைவிரல்களில் கூர்ங்கருவி அணிந்து பொரும் இருவருள் ஒருவர் தலையில் குருதி தோன்றியதும் போர் நிறுத்தப்பெறும். நிறுத்தும் எல்லை வகுக்கப்பட்டது. சிந்தும் குருதி மெய். அவ்வெல்லையே மல்லரின் உயிர்க்குக் காவலும் ஆகும்.

1950களில் தாராசிங், கிங்காங் ஆகியோரின் கட்டணக் காட்சிகள் மற்போரை இந்திய நகரங்களில் பெருவணிகமாக்கின. அமெரிக்காவில் 1989இல், நியூ ஜெர்சி மாநிலத்தின் விளையாட்டுக் கட்டுப்பாடுகளினின்று விலக்குப் பெறும் பொருட்டு, முன்னணி மற்போர் நிறுவனம் தன் நிகழ்ச்சி பொழுதுபோக்கே என ஒப்புக்கொண்டது. மல்லர்க்குரிய உரிமமும் மருத்துவச் சோதனையும் அவ்விலக்கில் அடங்கின.

வகுத்த முடிவு அரண்மனைக் களத்தில் மல்லனைக் காத்தது. வணிகக் களத்திலோ அவனுக்குரிய காவலை நீக்கும் காரணமாயிற்று. எனவே மற்போர் மெய்யா பொய்யா என்பதினும், மல்லன் உடலுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதே வரலாறு எழுப்ப வேண்டிய வினா எனலாம்.