ருத்ரா: நார்வே காட்டுக்குப் பதிலா நம்ம ஊர் இருட்டு

இந்த எபிசோட்ல மெட்டல் பத்திப் பேசப் போறோம். ஹெட்ஃபோன் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோங்க.

1992. நார்வேயில் பழைய மர தேவாலயங்கள் எரிய ஆரம்பித்த வருஷம். பிளாக் மெட்டல் உலகம் முழுக்கச் சாத்தான் பேச்சு. அதே வருஷம் சிங்கப்பூரில் கதிர், சிவா உள்ளிட்ட சில இளைஞர்கள் ஒரு பேண்ட் தொடங்கினாங்க. பெயர் ருத்ரா. கதிர் பேஸ் கிட்டார் வாசிச்சுக்கிட்டே உறுமுவார், சிவா டிரம்ஸ். முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. அதுக்கும் பெயர் ருத்ராதான்.

இதுல என்ன விசேஷம்? சாத்தான் கிறிஸ்தவ மரபோட பயம். நம்ம பாட்டி சொன்ன கதையில அவன் கிடையாது. நார்வேயிலேயே உல்வர் பேண்ட் 1995-ல் தங்களோட முதல் ஆல்பமான 'பெர்க்டாட்'டில் நாட்டுப்புறக் கதைக்குப் போனாங்க. மலைக்குள்ள இழுத்துக்கொண்டு போகப்பட்ட ஒரு பெண்ணோட கதை. புல்லாங்குழல், அக்கூஸ்டிக் கிட்டார், நடுவுல அலறல்.

ருத்ராவும் தன் வீட்டு அலமாரியைத்தான் திறந்தது. சிதம்பரத்துக்காரங்களுக்கு இது உடனே புரியும். ஆனந்தமா ஆடுற நடராஜருக்கே ருத்ரன்னு இன்னொரு பெயர் உண்டு. ஸ்ரீருத்ரம் அவருடைய கோபத்துக்கும் அம்புக்கும் வணக்கம் சொல்லித்தான் தொடங்குது. 'எங்களை அடிச்சிடாதே' என்று கெஞ்சுற பிரார்த்தனை. ஊர் எல்லையில் இருக்கிற தில்லைக் காளி? நடனப் போட்டியில் தோற்று ஊருக்கு வெளியே போனவள் என்கிறது தலபுராணம். மெட்டலுக்கு இதைவிட இருண்ட கதை வேணுமா?

சமஸ்கிருத மந்திரம், வேதாந்தம், டெத் மெட்டல். இந்தப் பாணிக்கு 'வேதிக் மெட்டல்' என்ற பெயரே நின்னுபோச்சு. 2003-ல் 'குருக்ஷேத்ரா' ஆல்பம் வந்தது.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. ருத்ரா எடுத்தது பெரும்பாலும் சாஸ்திரத்திலிருந்து. அதே குருக்ஷேத்திரம் கடலூர் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய தெருக்கூத்தா நடக்குது. மிருதங்கம், முகவீணை, தொண்டை கிழியுற குரல். கடைசியில் படுகளம்: களிமண்ணால் செஞ்ச பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். சாஸ்திரம் படிக்காதவங்க காப்பாத்தி வச்ச இருட்டு அது.

வெளியிலிருந்து பயத்தைக் கடன் வாங்கத் தேவையில்லைன்னு ருத்ரா காட்டியாச்சு. கடலூரிலோ சிதம்பரத்திலோ ரூமை மூடிக்கிட்டு டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கிறவங்க இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, அடுத்த திருவிழாவுக்கு ஒரு ராத்திரி போய் உட்காருங்க. கூத்து வாத்தியாரை மதிச்சு, கேட்டு, கூலி கொடுத்து, பெயரும் போட்டுச் செய்யுங்க. சாம்பிள் மட்டும் வெட்டி எடுத்துட்டு ஓடிடாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.